மாலை வகுப்புக்காகப் பாராளுமன்றம் போன யசிந்தா

யசிந்தாவிடம் எதையாவது சுற்றி வளைத்துச் சொல்லிப் பாருங்கள், தெரியும். இரண்டாவது வளைவிலேயே மறித்து, "இப்ப உங்களுக்கு என்ன வேணும்? அதைச் சொல்லுங்கோ" என்று கேட்டுவிடுவாள். பங்குச் சாமியாருக்கும் அதே கேள்விதான், வேலையிடத்து மனேஜருக்கும் அதே கேள்விதான். அப்படிப்பட்டவள் கேட்கவேண்டிய இடத்தில் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு நின்ற கதையைத்தான் சொல்லப்போகிறேன். அவளுக்குக் கோபம் வந்தால் வரட்டும். நடந்தது நடந்ததுதானே!

ஆள் மன்னார்க்காரி. வாழ்க்கையில் பாதியை லண்டனிலேயே கழித்துவிட்டாள். ஈஸ்ட் ஹாமிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் வீடு. கணவன் ஜெராட் பஸ் ஓட்டுகிறான். பிள்ளைகள் இருவரும் வளர்ந்து வெளியூர்களில் யுனிவர்சிற்றியில் படிக்கிறார்கள். யசிந்தா பெற்றோல் ஷெட்டில் கல்லாவில் இருந்தாள், பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறினாள், கோழி பொரிக்கிற கடையில் நின்று தலைமுடியெல்லாம் எண்ணெய் மணக்க வீட்டுக்கு வந்தாள். கடைசியில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. அதட்டவும் அணைக்கவும் ஆட்கள் இருக்கிற இடம், பிறகென்ன!

ஒரேயொரு தொல்லை. அங்கேயிருந்த வெள்ளைக்காரக் கிழவர்களும் கிழவிகளும் அவளை ஓயாமல் "நேர்ஸ், நேர்ஸ்" என்று கூப்பிட்டார்கள். "நான் நேர்ஸ் இல்லை, கெயாரர்" என்று திருத்தித் திருத்தி அலுத்துப்போனாள். ஒருநாள் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றியபடியே ஜெராட்டிடம் சொன்னாள்:

"இவையளுக்குச் சொல்லி விளங்கப்படுத்துறதை விட, நான் படிச்சு நேர்ஸா வாறது சுகம்."

பகிடி விடுகிறாள் என்று ஜெராட் நினைத்தான். அடுத்த கிழமையே போய்க் கல்லூரியில் பதிந்துவிட்டு வந்து நின்றாள்.

அது நேர்சிங் பட்டப்படிப்புக்குள் நுழைவதற்கான ஆயத்த வகுப்பு. பகலில் வேலை செய்கிறவர்களுக்காக மாலையில் நடப்பது. இரண்டு வருடப் படிப்பு. முதல் வருடத்தை மட்டும் முடித்துவிட்டு வந்தால் அது எதற்கும் உதவாது, இரண்டையும் முடித்தால்தான் கதவு திறக்கும். வகுப்பில் ஒரு சோமாலியத் தாய், ஒரு போலந்துக்காரன், இன்னும் பலர் இருந்தார்கள். யசிந்தாவின் பக்கத்து இருக்கையில் கோயம்புத்தூர்ப் பெண் பிரீத்தா. அவளுடைய கணவனுக்கு ஐ.டி. வேலை. அவளுக்கோ மருத்துவிச்சியாக வேண்டும் என்று ஆசை. "அக்கா, உங்க நோட்ஸைக் கொஞ்சம் குடுங்க, பார்த்துட்டுத் தர்றேன்" என்று தொடங்கிய நட்பு, இடைவேளையில் ஒரே பாத்திரத்தில் எலுமிச்சைச் சோறு சாப்பிடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. வகுப்பு நாட்களில் வீட்டில் ஜெராட் சமையல். அவனுக்குத் தெரிந்தது டின்மீன் குழம்பு ஒன்றுதான். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, முகம் கோணாமல் சமைத்தான்.

முதலாம் வருடம் தொடங்கி நன்றாகச் சூடுபிடித்த நேரத்தில், நவம்பர் மாதத்தில், வகுப்பு ஆசிரியை வந்து கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். பெரியவர்களின் படிப்புக்கு அரசாங்கம் தருகிற நிதி குறைந்துவிட்டது. வருகிற செப்டம்பரிலிருந்து மாலை வகுப்பு இல்லை, பகல் வகுப்பு மட்டும்தான். பஸ் செலவுக்கும் பிள்ளை பார்ப்பதற்கும் கொடுத்துவந்த உதவியும் நிற்கப்போகிறது.

யசிந்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பகல் முழுவதும் அவளுக்கு வேலை. வேலையை விட்டால் வீடு நடக்காது. அரைவேக்காட்டில் அடுப்பை அணைத்துவிட்டு இனிச் சாப்பிடு என்று சொன்னால் எப்படியிருக்கும்? அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து டின்மீன் குழம்பைப் பார்த்ததும் இன்னும் அழுதாள்.

"கறி அவ்வளவு மோசமோ?" என்று ஜெராட் பயந்துபோய்க் கேட்டான்.

"கறி இல்லையப்பா. கொலிஜ்!"

ஆசிரியை ஒரு வழியும் சொல்லியிருந்தார். இதை மேலிடத்தில் தட்டிக் கேட்கக்கூடியவர் தொகுதியின் எம்.பி. அவரிடம் மாணவர்களே நேரில் போய்ச் சொன்னால் அதற்கு ஒரு பலம் உண்டு. எம்.பி.யின் அலுவலகத்துக்கு யசிந்தா எழுதினாள். எழுதியது கிடைத்தது, நன்றி என்று கணினி பதில் அனுப்பியது. அதோடு சரி.

இந்த இடத்தில்தான் கிறிஸ்துநாயகம் அண்ணை வருகிறார். பங்கின் தமிழ்ச் சமூகத்துக்குத் தலைவர். ஓய்வுபெற்ற மனிதர், தங்கமான மனிதர், ஆனால் மைக்கைக் கண்டால் விடமாட்டார். அவர் நடத்துகிற விழாவில் வரவேற்புரைக்கே தேநீர் ஆறிப்போகும்.

"யசிந்தா, நீ ஒண்டுக்கும் யோசிக்காதை. கிறிஸ்மஸ் ஒளி விழாவுக்கு எம்.பி.யைப் பிரதம விருந்தினரா கூப்பிடுவம். பொன்னாடை போத்துவம். நீ மேடையிலை ஏறி ரெண்டு வார்த்தை சொல்லு. அலுவல் முடிஞ்சுது!"

எம்.பி. உண்மையாகவே வந்தார். நல்ல பெண்மணி, சிரித்த முகம். கோயில் மண்டபம் நிரம்பி வழிந்தது. விளக்கேற்றினார்கள். வரவேற்பு நடனம் ஆடினார்கள். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டேயிருந்தது. யசிந்தாவைக் கொண்டுதான் பொன்னாடை போர்த்துவித்தார்கள். அதற்குப் பிறகு கிறிஸ்துநாயகம் அண்ணை தானே எழுதிய வாழ்த்துப்பாவைத் தமிழில் வாசித்து, ஆங்கிலத்திலும் வாசித்தார். யசிந்தாவின் இரண்டு வார்த்தையை எங்கே போட்டிருந்தார் தெரியுமா? நன்றியுரைக்குப் பிறகு! எம்.பி.க்கு அன்றைக்கு வேறும் இரண்டு விழாக்கள் இருந்தன. நன்றியுரை தொடங்குவதற்கு முன்பே அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பாடு கொடுத்தார்கள். பரிமாறியவள் யசிந்தா.

மட்டன் ரோல்ஸை ஒரு கடி கடித்துவிட்டு எம்.பி. தானாகவே கேட்டார். "நீங்கள் கல்லூரியில் படிக்கிறீர்களாமே? படிப்பெல்லாம் எப்படிப் போகிறது?"

கேள்வி காலடியில் வந்து விழுந்திருக்கிறது. மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். யசிந்தா வாயைத் திறந்தாள்.

"எல்லாம் நல்லாப் போகுது, மேடம். இன்னுமொரு ரோல்ஸ் எடுங்கோ" என்றாள், தனக்குத் தெரிந்த மிக மரியாதையான ஆங்கிலத்தில்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று நம்மவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நம் இடத்துக்கு வந்து கையில் தட்டோடு நிற்கிற விருந்தாளியிடம் நம் குறையை அவிழ்த்துக் கொட்டினால் அந்த மனுசிக்குச் சாப்பாடு தொண்டையால் இறங்குமா? பிள்ளைப் பருவத்திலிருந்து ஊறிப்போன பழக்கம் அது. யாருக்கும் அஞ்சாத யசிந்தாவின் வாயை ஒரு ரோல்ஸ் கட்டிப்போட்டுவிட்டது. எம்.பி. இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கையசைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. ஜனவரியில் எம்.பி.யின் செய்திமடல் வீட்டு வீட்டுக்குக் கதவு வழியாக விழுந்தது. பொன்னாடையும் சிரிப்புமாக அவருடைய படம். கீழே, தமிழ் மக்களின் அருமையான விழா என்றும், கல்லூரியில் படிக்கும் பெரியவர்கள் தங்கள் வகுப்புகள் மிகச் சிறப்பாக நடப்பதாகத் தன்னிடம் சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தது. பாவம், அவர் பொய் எழுதவில்லை. கேட்டதைத்தான் எழுதினார்.

ஆசிரியை அதை வகுப்புக்குக் கொண்டுவந்தார்.

"இதை அவரிடம் யார் சொன்னது?"

வகுப்பு ஒருவரையொருவர் பார்த்தது. யசிந்தா கையை உயர்த்தினாள். சோமாலியத் தாய் "நீயா?" என்று கேட்ட கேள்வியில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. தன் படிப்பு போவது ஒரு பக்கம். இத்தனை பேருடைய படிப்புக்கும் தன் வாயாலேயே தாழ்ப்பாள் போட்டுவிட்டோமே என்ற வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. அன்றைக்குப் பிரீத்தா பாதிச் சோற்றை அவள் பக்கம் தள்ளிவைத்தும் அவள் தொடவில்லை.

"விடுங்கக்கா, இப்ப என்ன ஆயிடுச்சு? பிப்ரவரியில எல்லா காலேஜ் ஸ்டூடன்ட்ஸும் பார்லிமென்ட்டுக்குப் போய் அவங்கவங்க எம்.பி.யைப் பாக்கறாங்களாம். நாமளும் போவோம். நான் வர்றேன்."

"ஓம், போவம்" என்றாள் யசிந்தா. "என்ரை வாயாலை கெட்டதை என்ரை வாயாலைதான் சரிக்கட்டவேணும்."

வேலையிடத்தில் கூட வேலை செய்கிற கோசிகாவிடம் ஷிப்டை மாற்றிக்கொண்டாள். தானும் வருவேன் என்று கிறிஸ்துநாயகம் அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். விழா ஏற்பாட்டில் பிழை விட்டுவிட்டோம் என்று அவருக்கும் மனதுக்குள் குத்தியிருக்கவேண்டும். ஆனால் திருந்தினாரா? பாராளுமன்ற வாசலில் பைகளைச் சோதிக்கிற இடத்தில் அவருடைய பைக்குள்ளிருந்து புத்தம்புதிய பொன்னாடை ஒன்று வெளியே வந்தது. காவலர் அதை விரித்துப் பார்த்து, அழகாயிருக்கிறதே என்று சொல்லிவிட்டார். சொன்ன பாவத்துக்கு அண்ணை அதை அவருக்கே போர்த்தப்போனார்!

"அண்ணை!" யசிந்தா பாய்ந்து பறித்தாள். "இண்டைக்குப் பொன்னாடையும் இல்லை, பேச்சும் இல்லை. சொல்லிப்போட்டன்."

"மரியாதைக்கு ஒண்டு..."

"மரியாதை செய்துதானே இந்த நிலையிலை நிக்கிறம்?"

பிரீத்தா சிரிப்பை அடக்கமுடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே, சிலைகளும் தலையைத் தூக்கிப் பார்த்தால் கழுத்து நோகிற கூரையுமாக ஒரு பெரிய வட்ட மண்டபம். அந்த நாட்டு வழக்கம் நல்ல வழக்கம். யாராக இருந்தாலும் அங்கே போய்த் தன் தொகுதி எம்.பி.யைக் கூப்பிடச் சொல்லலாம். ஒரு சிறு பச்சை அட்டையில் பெயரை எழுதிக் கொடுத்தால் அங்குள்ள ஊழியர் ஒருவர் அவரை உள்ளே தேடிக்கொண்டு போவார். எம்.பி. இருந்தால், மனமும் இருந்தால், வருவார். மூன்று பேரும் சுவரோரத்து நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மண்டபம் முழுவதும் பல ஊர்க் கல்லூரி மாணவர்களின் சத்தம்.

"அக்கா, டீ குடிக்கலாம்னு கூப்பிட்டாங்கன்னா என்ன பண்றது?" என்று பிரீத்தா கேட்டாள். "எங்க ஊர்ல சம்பந்தம் பேசப் போனா, பேசி முடியற வரைக்கும் அந்த வீட்டுல கை நனைக்க மாட்டாங்க."

யசிந்தா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "பிரீத்தா, நீ கெட்டிக்காரப் பிள்ளை. இண்டைக்கு இது அவவின்ரை வீடு. நாங்கள்தான் விருந்தாளியள். விருந்தாளி கேக்கலாம்!"

எம்.பி. வந்தார். இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த ரோல்ஸை இன்னும் மறக்கவில்லை என்றார். வாருங்கள், கீழே போய்த் தேநீர் குடித்துக்கொண்டே பேசுவோம் என்றார். கிறிஸ்துநாயகம் அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, "மதிப்புக்குரிய..." என்று தொடங்கினார். யசிந்தா அவருடைய காலை மெதுவாக மிதித்தாள்.

"நன்றி மேடம், இப்ப தேத்தண்ணி வேண்டாம்" என்றாள். "முதல் நான் ஒண்டு சொல்லவேணும். டிசம்பரிலை உங்களுக்கு நான் பொய் சொன்னனான்."

எம்.பி.யின் சிரிப்பு நின்றது. யசிந்தா நிறுத்தவில்லை. ஆங்கிலத்தில் அங்கங்கே இடறினாள், இடறிய இடத்தில் எழும்பி மேலே நடந்தாள். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டு நின்றீர்கள், சாப்பிடுகிற விருந்தாளியிடம் எங்கள் துன்பத்தைச் சொல்வது எங்கள் பழக்கமில்லை, அதனால் நல்லாப் போகுது என்று சொன்னேன், ஒன்றும் நல்லாப் போகவில்லை. வருகிற செப்டம்பரில் மாலை வகுப்பு இல்லை. பகலில் நான் உங்கள் நாட்டு வயோதிபர்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுக்கிறேன், இரவுணவுக்கு முன் இரண்டு மணித்தியாலம் படிக்கிறேன். அந்த இரண்டு மணித்தியாலத்தை எடுத்துவிட்டால் எனக்கு வேறு நேரம் கிடையாது. இவளுக்கும் கிடையாது. எங்கள் வகுப்பில் இருக்கிற கைக்குழந்தைக்காரிக்கு, பிள்ளை பார்க்கிற உதவி நின்றால் வகுப்பே கிடையாது.

எம்.பி. வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?"

"செப்டம்பரிலை மாலை வகுப்புத் திறக்கவேணும். பஸ்ஸுக்கும் பிள்ளை பாக்கவும் குடுக்கிற உதவி நிக்கக்கூடாது. அவ்வளவுதான்."

நேர்மையான பதில் வந்தது. பணம் தருகிற அதிகாரம் தன் கையில் இல்லை, கல்லூரியையும் பணம் கொடுக்கிறவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்க முடியும், சபையிலும் இதைப் பற்றிப் பேச முடியும், கூடிய சீக்கிரம் செய்கிறேன் என்றார்.

"கூடிய சீக்கிரம் எண்டால், எந்தக் கிழமை?"

கிறிஸ்துநாயகம் அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். எம்.பி.யோ வாய்விட்டுச் சிரித்து, கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, அங்கேயே நாளைக் குறித்தார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். யசிந்தா சீனி கூடப் போட்டுக் குடித்தாள்.

சொன்ன கிழமையிலேயே அந்தப் பெண்மணி சபையில் எழும்பிப் பேசினார். வகுப்பு இடைவேளையில் பிரீத்தாவின் போனைச் சுற்றித் தலைகளை முட்டிக்கொண்டு எல்லோரும் பார்த்தார்கள். மார்ச்சில் வகுப்புக்கே வந்து, கடைசி வரிசையில் ஒரு மாணவியைப் போல உட்கார்ந்து கேட்டார். அன்றைக்கு அவருக்கு ஒரு பிஸ்கட் கூடக் கொடுக்கக்கூடாது என்று யசிந்தா கட்டளை போட்டிருந்தாள். அதைக் கேள்விப்பட்டுக் கிறிஸ்துநாயகம் அண்ணை பட்ட வேதனையை எழுதத் தனிப் புத்தகம் வேண்டும்.

ஜூன் மாதம் முடிவு வந்தது. மாலை வகுப்பு வருகிற வருடம் நடக்கும். பிள்ளை பார்க்கிற உதவியும் இருக்கும். பஸ் செலவு உதவி மட்டும் கிடையாது. வகுப்பில் மேசைகளைத் தட்டினார்கள். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். யசிந்தா வேலையிடத்தில் எல்லோருக்கும் கேக் வெட்டினாள். ஜெராட் தொலைபேசியில் பார்த்துப் பார்த்துப் பிரியாணி சமைத்தான். அடிப்பிடித்திருந்தது. இரண்டு பேரும் சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்டார்கள்.

கோடை முழுவதும் யசிந்தா தரையில் கால் படாமல் திரிந்தாள். இருக்காதா பின்னே? அவளுக்குத் தேவை இன்னும் ஒரு வருடம். கிடைத்ததும் ஒரு வருடம். அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது.

செப்டம்பரில் முதல் நாள் மாலை. இரண்டாம் வருடக்காரர்களுக்குப் பக்கத்து அறை. வராந்தாவில் முதலாம் வருடத்துக்குப் புதிதாக வந்தவர்கள் எந்த அறை என்று தெரியாமல் நின்றார்கள். அவர்களுக்குள் ஒரு தமிழ் முகம். வேலை உடுப்போடேயே ஓடி வந்திருக்கிறாள், சுப்பர்மார்க்கெட் பெயர் அட்டையைக் கூடக் கழற்றவில்லை. றொஷானி என்று அதில் இருந்தது.

"முதலாம் வருசமோ? இந்த அறைதான், போம் பிள்ளை" என்று யசிந்தா காட்டினாள்.

"நன்றி அக்கா. நீங்கள்தானே பாராளுமன்றம் போனனீங்கள்? ரீச்சர் சொன்னவ." றொஷானியின் முகமெல்லாம் சந்தோஷம். "உங்களாலைதான் எனக்கு இடம் கிடைச்சது. ரெண்டு பிள்ளையளையும் விட்டிட்டு வந்திருக்கிறன். இது ரெண்டு வருசப் படிப்பெல்லோ? அடுத்த வருசமும் இருக்கும் தானே அக்கா?"

கோடை முழுவதும் இந்தக் கேள்வியை யாரும் யசிந்தாவிடம் கேட்கவில்லை. அவளும் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அறைக்குள்ளிருந்து பிரீத்தா, "அக்கா, வாங்க, இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்று கூப்பிட்டாள். ஓம் இருக்கும் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். அந்தப் பிள்ளையும் சந்தோஷமாகப் போயிருப்பாள்.

யசிந்தா புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள்.

"தெரியாது பிள்ளை" என்றாள். "ஒரு வருசத்துக்குத்தான் தந்திருக்கினம். திரும்பவும் போய்க் கேக்க, உமக்கு வேலையிலை எந்த நாள் லீவு எடுக்கேலும்?"